ஊதா வளையல் வெளுத்த மர்மம்

காலை பதினொன்றே கால் மணிக்கெல்லாம் திருடன் யார் என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. திருடனுக்குத்தான் கடைசியாகச் சொன்னார்கள்.

"தேகுய்தான். வேற யாரு?" என்றாள் நிங் ஷூயி. "நான் ஊதா வளையலைக் காட்டுறேன். ஊதா வளையலை விக்கிறேன். அவன் கையில குடுக்கறேன், அவன் பெட்டியில போடறான். வாங்கினவ பெட்டியைப் பிரிச்சா உள்ளே வெள்ளை வளையல். நடுவுல இருக்கற கை ஒரே கை."

எதிரே நின்று கேட்டவள் மாய் யூச்சோங். ஐம்பத்தொரு வயது. பதினேழு வருஷம் விளக்குத் தொழிற்சாலையில் பற்றவைப்பு வேலை. அந்தப் புகையில் மூக்கு செத்துவிட்டது, கண் மட்டும் பிழைத்துக்கொண்டது. இப்போது நூடுல்ஸ் கடை மாடியில் அவளுக்கு ஓர் அலுவலகம். பலகையில் 'வணிக ஆலோசனை' என்று இருக்கும். தனியார் துப்பறிவுக்கு அங்கே தடை; அப்படி எழுதினால் மறுநாளே பலகையைக் கழற்ற ஆள் வந்துவிடும்.

அவளுக்கு உதவியாள் பெங். முன்பு அந்த சிஹுய் ஊரின் ஜேட் எனும் பச்சைக்கல் சந்தையில் மூட்டை தூக்கியவன். இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரல் தாழ்ந்திருக்கும். வாய் மட்டும் எந்தப் பக்கமும் தாழாது.

"அக்கா, வேலை முடிஞ்சுபோச்சு. திருடனை அவங்களே பிடிச்சுட்டாங்க. நாம சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம்," என்றான் பெங்.

நிங் ஷூயி அவனை முறைத்தாள். அந்த நாலு மாடிக் கட்டடத்தில் மாடிக்கு நாற்பது தடுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் போனைப் பார்த்துக் கத்திக் கத்தி ஜேட் விற்பார். மூன்றாம் மாடியில் கடைசி அறைதான் நிங்குடையது. நேரலையில் அவள் பெயர் 'ஊதா ராணி'. பின்திரை ஊதா, மேசைவிரிப்பு கறுப்பு வெல்வெட், நாற்காலி ஊதா, நகம் ஊதா. விலை எழுதும் சீட்டுகூட ஊதாதான்.

மூன்று வாரத்தில் முப்பத்தேழு வளையல் திரும்பி வந்து, பிரிக்காத பெட்டிகளாக நடையில் கிடந்தன. ஒருத்தி முள்ளங்கித் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, 'இரண்டில் எது நீங்கள் அனுப்பியது?' என்று கேட்டிருந்தாள். அதற்கு ஒன்பதாயிரம் பேர் சிரித்திருந்தார்கள். அந்தக் கோபத்தில் நேற்று நிங் ஒரு சபதம் செய்துவிட்டாள். இன்று மாலை நாலு மணிக்கு நேரலையில் திருடனின் முகத்தையும் பெயரையும் காட்டுவாளாம். பன்னிரண்டாயிரம் பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"அதுக்குள்ள ஆதாரம் கொண்டு வாங்க. கிடைக்கலைன்னாலும் காட்டத்தான் போறேன்," என்றாள்.

தேகுய் அறைக்கு வெளியே, நடையில் ஒரு மேசை போட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வருஷம் கல் அறுத்தவன். தூசி நுரையீரலில் இறங்கியதும் பட்டறைக்காரன் கணக்கு முடித்து அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு கிடைத்த வேலை இது. இந்த ஊரில் ஒருவன் குடித்தாலும் வேலை கொடுப்பார்கள், அடிதடி செய்தாலும் கொடுப்பார்கள். கல் திருடினான் என்று பெயர் வந்தால் துடைப்பத்தைக்கூடத் தொட விடமாட்டார்கள். மூட்டை தூக்கிய பெங்குக்கு இது தெரியும். அதனால் அவன் அந்த மேசைக்கு முன்னால் நின்று ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

மாய் கேட்டதற்கெல்லாம் தேகுய் இருமிக்கொண்டே பதில் சொன்னான். கொடுத்ததைக் கட்டினான், கட்டியதை அனுப்பினான். வேறெதுவும் தெரியாது. பிறகு கையிலிருந்த ஒட்டுநாடாவைக் கீழே வைத்தான்.

"ஒண்ணு மட்டும் சொல்றேங்க. மொத்தக் கடையிலேர்ந்து சரக்கு வந்தப்பவே பையில 'வெள்ளை'ன்னுதான் சீட்டு இருந்துச்சு. நான் அப்பவே சொன்னேன்."

அறைக்குள்ளிருந்து நிங் சிரித்தாள். அந்த மொத்தக் கடைக்காரன் அரைக்குருடன் என்றும், வெள்ளைத் தட்டில் கலந்து கிடந்த ஊதாக்களைத் தான் பொறுக்கி எடுத்து வந்ததாகவும், கடையில் வெளுப்பாகத் தெரிந்தவை இந்த அறைக்கு வந்ததும் பூவாகப் பூத்தன என்றும், அது தன் கைராசி என்றும் விளக்கினாள். கைராசி மட்டுமில்லையாம். மூன்று வாரத்தில் ஏழு பேர் நேரலையிலேயே அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டுவிட்டார்கள். அதில் ஒருவன் பல் மருத்துவன்.

"மூணு வாரமா வளையல் வெளுக்குது. மூணு வாரமா மாப்பிள்ளை வர்றான்," என்றாள் மாய். "மூணு வாரத்துக்கு முன்னாடி இங்க என்ன மாறுச்சு?"

"ஒண்ணும் மாறலை. நான்தான் அழகாயிட்டேன்."

மாய் ஒரு வெள்ளைத் தாள் கேட்டாள். அந்த அறையில் இல்லை. வெள்ளைத் துணி கேட்டாள். அதுவும் இல்லை.

---

பன்னிரண்டரைக்கு பெங் சாப்பாட்டுப் பெட்டியைப் பிரித்தான். சோறு, கீரை, மேலே சுட்ட பன்றிக்கறி. வெளியே வெயில் கொளுத்தியது, நடையில் காற்றில்லை. அதனால் ஏசி ஓடிய அந்த அறையில், முக்காலித் தாங்கி மேல் நின்ற பெரிய ஸ்டூடியோ விளக்கின் கீழ் உட்கார்ந்துகொண்டான்.

கறியைப் பார்த்ததும் அவனுக்கு மூச்சு நின்றது. அப்படியொரு சிவப்பு. கொழுப்பு ஓரம் ரோஜா இதழ் மாதிரி இருந்தது. பதினைந்து யுவான் பெட்டியில் இப்படி ஒரு கறியை அவன் ஆயுசில் பார்த்ததில்லை. கீரை மட்டும் ஏனோ துவைத்த துணி மாதிரி சாம்பலாகக் கிடந்தது. கீரையை யார் பார்த்தார்கள்.

முதல் துண்டை எடுப்பதற்குள் நிங் வந்து, வெல்வெட்டில் எண்ணெய் தெறிக்கும் என்று அவனைப் பெட்டியோடு வெளியே தள்ளினாள். நடையில் ஜன்னலோரம் நின்று பெட்டியைத் திறந்தான் பெங். பார்த்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"அக்கா, என் சாப்பாட்டையும் மாத்திட்டாங்க."

மாய் திரும்பினாள்.

"உள்ளே வெச்சிருந்தது வேற பெட்டி. அதுல கறி கல்யாணப் பொண்ணு மாதிரி இருந்துச்சு. இது அவளோட மாமியார். கீரை மட்டும் எப்படியோ இளமையாயிடுச்சு." அவன் தேகுய் பக்கம் தலையைச் சாய்த்தான். "பக்கத்துல இருந்த கையும் இவரு கைதான். நான் ஒண்ணும் சொல்லலை."

தேகுய் பயந்துபோய் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.

மாய் பெட்டியை வாங்கினாள். மூடியைத் திறந்தபடியே உள்ளே போனாள். வெளியே வந்தாள். மறுபடி உள்ளே போனாள். மூன்றாம் தடவை வெளியே வந்தபோது அவள் முகத்தில் ஒரு கோணல் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பு வந்தால் சாப்பாடு தள்ளிப்போகும் என்பது பெங்கின் அனுபவம்.

"நாலு எட்டு வெச்சா சிவப்பு போகுது, பச்சை வருது. நாலு எட்டு திரும்பி வெச்சா பச்சை போகுது, சிவப்பு வருது. வளையல் பெட்டியில மாறலை. கதவுல மாறுது." அவள் பெட்டியை மூடித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "வண்டியை எடு."

"சாப்பாடு?"

"அது இப்போ தடயம்."

விளக்கை எங்கே வாங்கினாய் என்று நிங்கிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். சந்தைக்குப் பின்தெருவில், கோங் கடையில். நிங் அதற்குமேல் விவரம் சொல்லவில்லை. மாயும் வற்புறுத்தவில்லை.

---

மின் ஸ்கூட்டரில் போகும்போதே பெங் வழக்கை முடித்துவிட்டான். விளக்குக் கடை கோங் ஒரு மோசடிப் பேர்வழி. நல்ல விளக்கு என்று சொல்லி மட்ட விளக்கைத் தலையில் கட்டிவிட்டான். அவனைச் சட்டைக் காலரோடு தூக்கி வந்து நாலு மணிக்கு கேமரா முன்னால் நிறுத்த வேண்டும். தூக்குவது தன் பழைய தொழில்தான் என்றும் நினைவூட்டினான்.

கோங்கின் கடையில் முப்பது விளக்குகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. கோங் ஒல்லி. வெயிலே இல்லாத கடைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். அந்தத் தொழிலுக்கு அது தேவைதான்.

மாய் வாடிக்கையாளராக மாறினாள். தம்பி வீடியோ எடுக்கப் போகிறான், புகைப்படமும் எடுப்பான், நல்லதாக ஒரு விளக்கு வேண்டும் என்றாள். கோங் பெங்கை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து விளக்கைப் போட்டான்.

"இந்த மூஞ்சிக்கா?" என்றான் கோங். "எந்த லைட் வாங்கினாலும் ஒண்ணுதான் அக்கா. விலை கம்மியானதா எடுத்துக்கங்க."

முதல் விளக்குக்கு ஒரு சான்றிதழ் நீட்டினான். நிறத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மதிப்பெண். மாய் அதை மடித்து அவன் சட்டைப் பையிலேயே செருகினாள்.

"இந்த மார்க்கு எட்டு வெளுத்த நிறத்துக்குப் போட்ட சராசரி. ஒன்பதாவதா ரத்தச் சிவப்புன்னு ஒண்ணு இருக்கே, அதுல உன் லைட் எவ்வளவு வாங்குச்சு?"

கோங் கண்ணாடியைக் கழற்றினான். வந்திருப்பது வாடிக்கையாளர் இல்லை என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும்.

பிறகு அவள் செய்ததைப் பார்க்க பெங்குக்கு எப்போதும் பிடிக்கும். வெளிச்சத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, போன் கேமராவை மெதுவோட்டத்தில் வைத்துப் பிடித்தாள். படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடின. வீடியோவுக்கு ஆகாது என்று அந்த விளக்கை ஒதுக்கினாள். இரண்டாவதன் முதுகில் காதை வைத்தாள். உள்ளே விசிறி அரிசி மில் மாதிரி ஓடியது. மைக் வைத்தால் பேச்சுக்குப் பதில் இதுதான் கேட்கும் என்று அதையும் ஒதுக்கினாள். மூன்றாவதன் கீழ் தன் புறங்கையை நீட்டிப் பார்த்தாள். பழைய தீக்காயத் தழும்புகள் பழைய நிறத்திலேயே இருந்தன. பையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துத் திறந்து அதன் கீழ் வைத்தாள். கறி கறியாக இருந்தது, கீரை கீரையாக இருந்தது.

"இதுதான் நல்ல லைட்," என்றாள். "அழகாவும் காட்டலை, அசிங்கமாவும் காட்டலை. இருக்கறதைக் காட்டுது."

"அதனாலதான் அக்கா அது விக்க மாட்டேங்குது," என்றான் கோங். அதில் பொய் இல்லை.

"ஊதா ராணிக்குக் குடுத்தியே, அதுல இன்னொண்ணு எடுத்துட்டு வா."

கோங் கறுப்புக் கண்ணாடியை மேசையில் வைத்தான். பிறகு உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். அட்டையில் பீச் மரப் பூவின் படம். 'பீச் மலர் முக ஒளி' என்று தங்க எழுத்து. மாய் திருகாணியைக் கழற்றி, முன் மூடியைத் தூக்கினாள். உள்ளே எல்.இ.டி. வரிசை, எரிந்தால் வெள்ளையாகும் மஞ்சள் புள்ளிகள். இரண்டு மஞ்சளுக்கு ஒரு சிவப்பு. அவை பதிந்த மின்பலகையின் ஓரத்தில் ஒரு பன்றி மூக்குப் படம், பொடியாக.

அவள் அதை விரலால் தடவினாள்.

"இந்தப் பலகையை நான் ஆறு வருஷம் பத்தவெச்சிருக்கேன். இது ஸ்டூடியோ லைட் இல்லை. கறிக்கடை லைட்."

பெங்குக்கு விளங்கிவிட்டது. சந்தையில் பன்றிக்கறிக் கடைகளில் தொங்குமே, அந்தச் சிவப்பு விளக்கு. முந்தாநாள் கறியை இப்போது வெட்டிய கறியாகக் காட்டுவது. அரசாங்கம் அதைத் தடைசெய்த பிறகு ஆய்வாளர்கள் கடை கடையாக ஏறி அவிழ்த்து எறிந்தார்கள். எறிந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. இங்கே வந்து, ஸ்டூடியோ விளக்கின் கூட்டுக்குள் புகுந்து, பூவும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அகப்பட்டான்," என்று பெங் எழுந்து சட்டைக் கையைச் சுருட்டினான். "அக்கா, காலரைப் பிடிக்கவா, இடுப்பைப் பிடிக்கவா?"

கோங் நகரவில்லை. கறிக்கடைச் சரக்கை வாங்கியது தப்புதான், அதற்கு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்றான். ஆனால் ஊதா ராணியைத் தான் ஏமாற்றவில்லை என்றான். சொல்லிக்கொண்டே போனை எடுத்தான்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யார் விளக்கு வாங்கினாலும் கடையிலேயே அதன் கீழ் ஒரு சோதனை வீடியோப் படம் எடுத்து, விற்றவரும் வாங்கியவரும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்வார்கள். நாளைக்கு யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தால் அந்தப் படம்தான் நீதிபதி.

மூன்று வாரத்துக்கு முந்தைய அந்தப் படத்தில் நிங் ஷூயி இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு வளையல். கோங் முதலில் நல்ல விளக்கைப் போட்டான். வளையல் வெள்ளையாக இருந்தது. அவள் வளையலைப் பார்க்கவேயில்லை. எதிரே போனில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். கோங் பீச் மலரைப் போட்டான். அவள் முகத்தில் வரிகள் கரைந்தன, கன்னம் சிவந்தது. மடியில் வளையல் ஊதாவாக மாறிக் கிடந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

"இதுதான் வேணும்," என்றாள் படத்தில் நிங்.

"அம்மா, இது முகத்துக்கு. கல்லுக்கு ஆகாது. நிறத்தை மாத்திடும்," என்றது கோங்கின் குரல்.

"கல்லுக்கா வயசாகுது? எனக்குத்தான் ஆகுது. கட்டுங்க."

படம் முடிந்தது. பெங் சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டான்.

"நேரலை விக்கிறவங்க எல்லாரும் இப்படித்தான்," என்றான் கோங். "கருவாடு விக்கிறவங்க வருவாங்க, கல்லு விக்கிறவங்க வருவாங்க, செருப்பு விக்கிறவங்க வருவாங்க. எவங்க லைட் எடுத்தாலும் தங்க மூஞ்சியைப் பாத்துத்தான் எடுக்கறாங்க. சரக்கைப் பாத்து எடுத்த ஆளு இதுவரைக்கும் ஒருத்தர்தான். அவரு சவப்பெட்டிக்காரரு."

மணி இரண்டே முக்கால்.

"அப்போ திருடன்..." என்று ஆரம்பித்தான் பெங்.

"நமக்குச் சம்பளம் குடுக்கற ஆளு," என்று முடித்தாள் மாய். பிறகு கோங்கிடம் திரும்பி, மிச்சமிருக்கும் கறி விளக்கையெல்லாம் இன்றே உடைத்துப் போடவேண்டும், இல்லாவிட்டால் சந்தை ஆய்வாளருக்கு வழி சொல்லுவேன் என்றாள். அந்த மூன்றாவது நல்ல விளக்கைச் சாயங்காலம் வரை இரவல் வாங்கிக்கொண்டாள். பெங் அதை முக்காலியோடு தாழ்ந்த தோளில் ஏற்றினான். அந்தத் தோள் அதற்கென்றே செய்ததுபோல் இருந்தது.

---

மூன்றே முக்காலுக்கு நிங் ஷூயி, கோங்கிடமிருந்து மாய் தன் போனில் வாங்கிவந்த அந்தப் படத்தைத் தன் அறையில் நின்றபடி பார்த்து முடித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உன்னைத் திருடனைக் கண்டுபிடிக்கக் கூப்பிட்டேனா, என் வயசைக் கண்டுபிடிக்கக் கூப்பிட்டேனா?"

மாய் நிதானமாகச் சொன்னாள். யாரும் வளையலை மாற்றவில்லை. மொத்தக் கடையிலேயே அவை வெள்ளை. கல்லில் லேசாக ஓடும் நீலச் சாயலோடு தன் சிவப்பைக் கலந்து இந்த விளக்குதான் ஊதாவாகக் காட்டியது. அதை இப்போதே சொல்லி, வாங்கியவர்களிடம் மன்னிப்புக் கேட்டால் விஷயம் முடிந்தது.

நிங் கேட்டுக்கொண்டாள். அவள் கெட்டவள் இல்லை. பயந்தவள். பன்னிரண்டாயிரம் பேர் திருடனைப் பார்க்க வருகிறார்கள், அவர்களிடம் 'என் விளக்குதான் திருடன்' என்றால் முள்ளங்கிக்காரியோடு சேர்ந்து நாடே சிரிக்கும் என்றாள். நாளைக்கு விளக்கை மாற்றிவிடுவாளாம். தேகுய்க்கு வேறு ஊரில் வேலை பார்த்துக் கொடுப்பாளாம். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் அவன் பொறுத்துக்கொள்ளட்டுமாம்.

"ஒரு நாளா?" என்றாள் மாய். "கல்லு ஊர்ல அது சாகற வரைக்கும்."

நிங் உதட்டுச் சாயத்தைச் சரிசெய்தாள்.

பெங் நடைக்கு வந்தான். தேகுய் மேசையைத் துடைத்து, ஒட்டுநாடாக்களை அளவு வாரியாக அடுக்கி வைத்திருந்தான். வேலைச் சட்டையைக் கழற்றிவிட்டு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை ஒன்று போட்டிருந்தான்.

"எதுக்கு அண்ணே இது?" என்று கேட்டான் பெங்.

"ஊர்லேர்ந்து என் மக பார்ப்பா. திருடன்னு காட்டினாலும் சட்டை சுத்தமா இருக்கட்டும்னு." அவன் காலரைத் தடவினான். "புத்தாண்டுக்கு முதலாளியம்மா குடுத்தது. போடாம வெச்சிருந்தேன்."

வாய் ஓயாத பெங்குக்கு அன்று இரண்டாம் தடவையாக ஒரு ஜோக்கும் வரவில்லை. உள்ளே போய் மாயின் காதில் சட்டையைப் பற்றிச் சொன்னான். மாய் எட்டி அந்தச் சட்டையைப் பார்த்தாள். இரவல் விளக்கை மேசைக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, மின்சாரம் கொடுத்து, அணைத்தே வைத்தாள். அதன் சுவிட்ச் நிங்கின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"நான் போடவா?" என்றான் பெங்.

"தொட்டே, கையை உடைப்பேன். நாம போட்டா அது தந்திரம்."

நாலு மணி.

"குடும்பத்தாரே," என்று ஆரம்பித்தாள் ஊதா ராணி. நேரலையில் எல்லோரும் எல்லோருக்கும் குடும்பம்தான். பீச் மலர் ஒளியில் அவளுக்கு வயது முப்பத்திரண்டு. மணிக்கட்டில் வளையல் ஊதாவாக வழிந்தது. தன் நம்பிக்கையை ஒருவன் எப்படி உடைத்தான் என்று சொன்னாள், கொஞ்சம் அழுதாள், தேகுய்யை அழைத்தாள். அவன் வந்து பக்கத்தில் நின்றான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான்.

திரையின் ஓரத்தில் கருத்துகள் ஓடின. பெங் சத்தமில்லாமல் படித்தான். 'இவன்தானா?' 'முழியே சரியில்லை.' 'திருடனுக்கு ரோஸ் சட்டை கேக்குதா?' 'எங்கள் காசில் ரோஸ் சட்டை.'

மாய் கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "தேகுய், உங்க சட்டை என்ன நிறம்?"

தேகுய் குழம்பினான். "வெள்ளைங்க."

பன்னிரண்டாயிரம் பேர் சிரித்தார்கள். கருத்துகள் கொட்டின. 'நம்ம கண் முன்னாடியே பொய்.' 'ரோஸ் சட்டை போட்டுக்கிட்டு வெள்ளைங்கறான்.' 'இவன் ஊதாவை வெள்ளைன்னு அனுப்பாம என்ன செய்வான்?' ஒரு சட்டைக்காக ஒரு மனிதனை அத்தனை பேர் பொய்யன் என்றார்கள். தேகுய் நின்ற இடத்திலிருந்து அந்த எழுத்துகள் தெரியவில்லை. அவன் கேமராவைப் பார்த்து, மகள் பார்க்கட்டும் என்று லேசாகச் சிரித்தான்.

நிங் திரையைப் பார்த்தாள். சட்டை ரோஸ். திரும்பி நேரில் பார்த்தாள். ரோஸ். அது வெள்ளை என்று அந்தப் பன்னிரண்டாயிரத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். கடையில் நாலு சட்டையை எடுத்துப்போட்டு, இருப்பதில் பளிச்சென்ற வெள்ளை எது என்று பார்த்து வாங்கியவள் அவள்தான்.

சொல்லவந்த பெயரை விட்டுவிட்டு, அணைந்து நின்ற இரவல் விளக்கைப் பார்த்தாள். பெங் சுவிட்சை நோக்கி ஓர் எட்டு வைத்தான். மாய் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

நிங் கையை நீட்டினாள். ஒரு விளக்கை அணைத்தாள். இன்னொன்றைப் போட்டாள்.

யாரும் நகரவில்லை, யாரும் யாரையும் தொடவில்லை. ஒரே நொடியில் சட்டை வெள்ளையாயிற்று. அவள் மணிக்கட்டிலேயே வளையல் வெளுத்தது. அவள் முகத்தில் பதினான்கு வருஷம் வந்து உட்கார்ந்தது.

கருத்துகள் நின்றன. பிறகு ஒன்றே ஒன்று வந்தது. 'சட்டையை யார் மாத்தினது?'

"யாரும் மாத்தலை, குடும்பத்தாரே," என்றாள் நிங் ஷூயி. கேமராவிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "வளையலையும் யாரும் மாத்தலை. திருடி பேரு நிங் ஷூயி. வயசு முப்பத்திரண்டுன்னு சொல்லிட்டிருந்தா. நாற்பத்தாறு. லைட் வாங்கப் போன இடத்துல கல்லைப் பாக்காம தன் மூஞ்சியைப் பாத்தா. வாங்கினவங்க எல்லாருக்கும் பணம் திரும்ப வரும்." பிறகு எழுந்து தேகுய்க்கு முன்னால் இடுப்புவரை குனிந்தாள். "அண்ணே, மன்னிச்சுக்குங்க."

தேகுய்யும் பதறிப்போய் குனிந்தான். இரண்டு தலையும் இடித்துக்கொண்டன. அந்த இடி அன்று நாடு முழுக்கக் கேட்டது.

சிரிப்புப் படங்கள் திரையை மூடின. பல் மருத்துவன் உடனே வெளியேறினான். கல்யாணம் கேட்டவர்களில் ஆறு பேர் அப்படிப் போய்விட, ஏழாமவன் மட்டும், சமைக்கத் தெரியுமா என்று கேட்டான். வெள்ளை வளையலை வெள்ளை விலைக்குக் கொடுப்பீர்களா என்று சிலர் விசாரித்தார்கள். அதிகம் பேர் கேட்டது தேகுய்யின் சட்டை எந்தக் கடையில் கிடைக்கும் என்பதுதான்.

கேமராவை அணைத்த பிறகு நிங் கண்ணாடியே பார்க்காமல் உதட்டுச் சாயத்தைத் துடைத்தாள். கறி விளக்கை என்ன செய்வது என்று மாய் கேட்டதற்கு, கண் காணாத இடத்துக்குக் கொண்டு போங்கள் என்றாள். பெங் முந்திக்கொண்டு அதைக் கட்டிப்பிடித்தான்.

"நீ அதை வெச்சு என்ன பண்ணப் போறே?" என்றாள் மாய்.

"சோத்துக்கு மேல தொங்கவிடப் போறேன். இனிமே எனக்கு தினமும் கல்யாணச் சாப்பாடு."

"தொங்கவிடு. ஆனா அதுக்கடியில உக்காந்து பொண்ணு பாக்காதே. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாத்ததும் திருப்பி அனுப்பிடுவாங்க."

நடையில் தேகுய் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு விளக்கைக் கேட்டு வாங்கினான். பழைய பெட்டி ஒன்றில் வைத்து, தாளைக் கசக்கி நாலு மூலையிலும் திணித்து, ஒட்டுநாடாவை இரண்டு சுற்றுச் சுற்றினான். தடித்த பேனாவை எடுத்தான். பையில் இருப்பதைச் சீட்டில் அப்படியே எழுதிப் பழகியவன் அவன். மேலே பெரிய எழுத்தில் எழுதி, ஊதிக் காயவைத்து, பெங்கின் தாழ்ந்த தோளில் ஏற்றிவிட்டான்.

'கறிக்கு மட்டும்.'